பகடை உருட்டி ஒரு ஆளை உருவாக்குவோமா?



தாயம், பரமபதம் எல்லாம் நமக்குத் தெரிந்த விளையாட்டுதான். அதுல நாம காயை நகர்த்துவோம், காய் பேசாது. அந்தக் காய்க்கே ஒரு பேரு, ஒரு ஊரு, கொஞ்சம் பயம், கொஞ்சம் ஆசை எல்லாம் இருந்தா எப்படி இருக்கும்? அப்படி ஒரு விளையாட்டு இருக்கு. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு வெளிவந்தது.

நாலைந்து பேர் வட்டமா உட்காரணும். ஒருவர் கதை நடத்துனர். (பஸ் நடத்துனர் இல்லீங்க!) மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "பாலம் உடைஞ்சு கிடக்கு. அக்கரையில காவல்காரன் நிக்கிறான். என்ன செய்றீங்க?" என்று நடத்துனர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 பக்கமுள்ள பகடையை உருட்டுவோம். கதை ஒரே நாளில் முடியாது, வாரக்கணக்கில் தொடரும்.

சனிக்கிழமை மதியங்களில் எங்கள் குழுவுக்கு நான்தான் கதை நடத்துகிறேன். இந்தத் தொடர் நிலைக்குமா, ரெண்டு வாரத்தில் கலையுமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, பாத்திரத்தை உருவாக்கும் முறை. மற்றொன்று, பேச்சுக்கும் பழக்கத்துக்கும் வைக்கும் விதி. இரண்டையும் பார்ப்போம்.

1. ஆறு எண்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு தன்மைகள் உண்டு: பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 1974 விதிப்படி மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் அந்த எண் வரும். குறைந்தது 3, அதிகம் 18.

இங்கேதான் நம்ம கணக்குப் பாடம் உதவுது. மூன்று பகடை விழும் விதங்கள் 6 × 6 × 6 = 216. அதில் 18 வருவது ஒரே ஒரு விதம். ஆனால் 10 வருவது 27 விதம், 11 வருவதும் 27 விதம். அதனால் பெரும்பாலானவர்கள் நடுத்தரமாகத்தான் இருப்பார்கள். சராசரி 10.5.

சரி, இதுல என்ன சிக்கல்? ஒருத்தனுக்கு 16, 15, 15 என்று விழும். பக்கத்தில் இருப்பவளுக்கு 7, 8, 6 என்று விழும். ஒரு நாள் ஆட்டம்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆறு மாசம் ஓடுற தொடர்ல, முதல் நாள் விழுந்த பகடைக்காக ஒருத்தி கடைசி வரைக்கும் பின்னாடியே நிக்கணும். அப்புறம் அவள் வராமல் நின்றுவிடுவாள்.

இதற்கு ஒரு வழி, எல்லோருக்கும் ஒரே ஆறு எண்களைக் கொடுப்பது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்று ஒரு வரிசை இருக்கிறது. கூட்டினால் 72. எது எந்தத் தன்மைக்கு என்பது அவரவர் விருப்பம். ஆறு எண்களை ஆறு இடத்தில் 720 விதமாக அடுக்கலாம். எனவே எல்லோரும் சமம், ஆனால் யாரும் ஒரே மாதிரி இல்லை. நீண்ட தொடருக்கு நான் இதைத்தான் வைக்கிறேன்.

இன்னொரு விஷயம். 8 கட்டாயம் எங்காவது போய் உட்காரும். அதை வெறுக்காதீங்க. பலம் 8 உள்ள வீரனுக்குத்தான் பெட்டியைத் தூக்க ஒரு நண்பன் தேவைப்படும். கதை அங்கே ஆரம்பிக்கும்.

2. எண் மட்டும் ஆளாகாது

எண் எழுதியதும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பேன்.

அ. உன் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்?
ஆ. எதற்குப் பயப்படும்?
இ. இந்தக் கூட்டத்தோடு ஏன் சேர்ந்து போகிறது?

மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். "என் ஆள் யாரையும் நம்பமாட்டான், தனியாத்தான் போவான்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். சினிமாவுக்குச் சரி. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில், நாலு பேர் அவன் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கணும். அதனால் பாத்திரத்தை வீட்டில் தனியாக எழுதாமல், முதல் நாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்குங்கள். ஒருத்தியின் பாத்திரம் இன்னொருத்தனின் பாத்திரத்துக்கு அக்காவாக இருக்கலாம், கடன்காரியாகவும் இருக்கலாம்!

3. பேச்சுக்கு மார்க் போடலாமா?

எங்கள் குழுவில் பெரிய விவாதம் வந்தது இதில்தான். பேசும்போது வார்த்தை திக்கும் நண்பன் ஒருவன், ஊர் ஊராய்ப் போகும் பாடகன் பாத்திரத்தை எடுத்தான். வசீகரத்துக்கு 15 போட்டான். இன்னொருவன் உடனே, "நீ நல்லாப் பேசிக் காட்டு, அப்பத்தான் காவல்காரன் ஒத்துக்குவான்" என்றான். நண்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

நான் கேட்டது இதுதான்: "பாறையைத் தூக்குறேன்னு நீ சொன்னப்ப, இந்த பெஞ்சைத் தூக்கிக் காட்டுன்னு யாராவது உன்கிட்ட கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. பலத்துக்கு எண் போதும் என்றால், வசீகரத்துக்கும் எண் போதும். இல்லாவிட்டால் நிஜத்தில் வாயாடியாக இருப்பவர், வசீகரத்தில் 8 போட்டுவிட்டு எல்லாக் காரியத்தையும் பேசியே முடித்துவிடுவார். அது சரியான ஆட்டம் இல்லை.

ஆனால் மற்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கு. வெறும் பகடையை மட்டும் உருட்டினால் யாருமே பேசமாட்டார்கள், கதை செத்துப்போகும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒரு விதி வைத்தோம். பேசுபவர் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன வேண்டும்? அதற்காக எதைச் சொல்கிறார், எதைக் கொடுக்கிறார்? அழகாகச் சொல்லத் தேவையில்லை. "என் ஆள் இப்படிக் கேட்கிறான்" என்று சொன்னாலும் போதும். சொல்லும் விஷயத்தைப் பார்த்து இலக்கை நான் வைப்பேன். சொல்லும் அழகுக்கு மார்க் கிடையாது.

கணக்கு இப்படி. ஐந்தாம் பதிப்பில் சுலபமான காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. தன்மை எண்ணிலிருந்து 10ஐக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும், பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும். 15க்கு +2, 8க்கு −1. அந்தத் திறமையில் பயிற்சி இருந்தால் ஆரம்ப நிலையில் இன்னொரு +2.

* வசீகரம் 8 உள்ள வாயாடி, இலக்கு 15: பகடையில் 16 முதல் 20 வரை விழ வேண்டும். 5/20, அதாவது 25%.
* வசீகரம் 15, பயிற்சி உள்ள பாடகன், இலக்கு 15: 11 முதல் 20 வரை. 10/20, அதாவது 50%.
* அதே பாடகன், காவல்காரன் மகனுக்குக் காய்ச்சல் என்று முன்பே கேட்டு வைத்து, மருந்தோடு போகிறான். இலக்கு 10 ஆகிறது. 6 முதல் 20 வரை. 15/20, அதாவது 75%.

மூன்றாவது வரியைச் சொன்னது அந்த நண்பன்தான். திக்கித் திக்கித்தான் சொன்னான். ஆனால் காய்ச்சல் விஷயம் எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை, அவனுக்கு மட்டும் இருந்தது.

4. பகடைக்கும் எல்லை உண்டு

வசீகரம் மந்திரம் அல்ல. எவ்வளவு விழுந்தாலும் ராஜா சிம்மாசனத்தைத் தூக்கித் தரமாட்டார். நடக்கவே நடக்காத காரியத்துக்குப் பகடை கேட்காதீர்கள். அதேபோல, இன்னொரு மாணவரின் பாத்திரத்தை உங்கள் பகடையால் ஆட்டி வைக்கக் கூடாது. அந்தப் பாத்திரம் என்ன நினைக்கிறது என்று சொல்லும் உரிமை அதை ஆடுபவருக்கு மட்டுமே.

5. உட்காருபவர்களுக்கான விதிகள்

பாத்திரங்களுக்கு மட்டும் விதி போதாது, நமக்கும் வேண்டும். முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* கதையில் எது வரவே கூடாது? ஒருவருக்கு வேடிக்கையாக இருப்பது, வீட்டில் சாவு நடந்த இன்னொருவருக்கு வேடிக்கை அல்ல. காரணம் கேட்காமல் பட்டியலில் சேருங்கள்.
* நடுவில் ஒரு அட்டையில் எக்ஸ் என்று எழுதி வையுங்கள். பிடிக்காத காட்சி வந்தால் தொட்டால் போதும், அதைத் தாண்டிப் போய்விடலாம். பல நாடுகளில் இப்படித்தான் ஆடுகிறார்கள்.
* "என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லி நண்பனை நோகடிக்கக் கூடாது. அந்தப் பாத்திரத்தை எழுதியது நீங்கள்தானே!
* ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், நடத்துனர் அடுத்தவரைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

6. பகடை இல்லையா? கவலை வேண்டாம்

20 பக்கப் பகடை நம்ம ஊர்க் கடையில் கிடைப்பது கஷ்டம். 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவிலேயே விளையாட்டுப் பெட்டிக்குள் எண் சீட்டுகளைத்தான் வைத்துக் கொடுத்தார்கள்! ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்க: எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடணும். போடாவிட்டால் அடுத்தவருக்கு வாய்ப்பு 20இல் ஒன்று அல்ல, 19இல் ஒன்று ஆகிவிடும்.

மூளைக்கு வேலை

1981இல் வந்த ஆரம்பப் பதிப்பில், வழியில் எதிர்ப்படும் பிராணி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு பகடை உருட்டுவார்கள். 2 விழுந்தால் உடனே பாயும். 3 முதல் 5 என்றால் பகை. 6 முதல் 8 என்றால் குழப்பம். 9 முதல் 11 என்றால் தாக்காது. 12 என்றால் நட்பு. மொத்தம் 36 விதத்தில், பகையும் பாய்ச்சலும் இல்லாமல் இருக்க எத்தனை விதம்?

விடை: 16 + 9 + 1 = 26. அதாவது 36இல் 26 தடவை, வாளை உருவும் முன் ஒரு வார்த்தை பேசிப் பார்க்க இடம் இருக்கிறது.

சேர விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் ஒரு பென்சிலும் ஒரு தாளும் கொண்டு வாருங்கள். பேசத் தெரியணும்னு அவசியம் இல்லை.