சம்பளம் ஏறியிருக்கா, ஏறின மாதிரி தெரியுதா? பாட்டுக் கம்பெனிகள் சொல்லித் தரும் கணக்கு

உங்க சம்பள உயர்வு நிஜமான உயர்வுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்க இசைத் துறையோட கணக்கை வச்சே இதைப் பார்த்துடலாம்.

கேஸ் போட்ட காலம்

1999-ல் அமெரிக்காவில் இசை விற்பனை வருமானம் சுமார் 1,460 கோடி டாலர். ஒரே ஒரு பாட்டு பிடிச்சிருந்தாலும், பெரும்பாலும் முழு சிடியையே வாங்கணும். அதே வருஷம் நாப்ஸ்டர் வந்துச்சு. அடுத்தவர் கம்ப்யூட்டர்ல இருக்கிற எம்பி3 பாட்டை இலவசமா எடுத்துக்கலாம். டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2001 ஜூலையில் அந்தச் சேவை நின்னுபோச்சு. ஆனா பைரசி நிக்கலை, வேற வேற சாஃப்ட்வேருக்கு மாறிடுச்சு. 2003 செப்டம்பர்ல இருந்து சாதாரண ரசிகர்கள் மேலேயே வழக்கு போட்டாங்க.

வழி மாறின காலம்

2003 ஏப்ரல்ல ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்துச்சு. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டு வித்துச்சு. காசு கொடுக்க ஆள் இருந்தாங்க, சுலபமான கடைதான் இல்லாம இருந்துச்சு! ஆனாலும் முழு சிடி வாங்கினவங்க ஒத்தப் பாட்டு மட்டும் வாங்கினா வருமானம் குறையத்தானே செய்யும்? 2014-ல் அது சுமார் 700 கோடி டாலருக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஸ்பாட்டிஃபை மாதிரியான மாதச் சந்தா சேவைகள் தூக்கி விட, 2021-ல் சுமார் 1,500 கோடியைத் தொட்டுச்சு.

அப்போ பழைய நிலைமை திரும்பிடுச்சா?

இல்லைங்க. 1999-ன் 1,460 கோடி, 2021 விலைவாசியில் சுமார் 2,400 கோடிக்குச் சமம். அதாவது 22 வருஷம் கழிச்சும், நிஜ மதிப்பில் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவு.

இப்போ உங்க கணக்கு

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சம்பளம் 40,000 ரூபாய், இன்னைக்கு 50,000 ரூபாய்னு வைங்க. பணவீக்கம் வருஷத்துக்கு 6%னா, அன்னைக்கு 40,000-ல வாங்கினதை இன்னைக்கு வாங்க சுமார் 53,500 வேணும். 10,000 ஏறியும் 3,500 குறைஞ்சிருக்கு!

ரெண்டு விஷயம் செய்யுங்க. ஒண்ணு, அப்ரைசலுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. ரெண்டாவது, உங்க வேலையில புது டெக்னாலஜி வந்தா எதிர்த்துக்கிட்டே வருஷங்களை ஓட்டாதீங்க, சீக்கிரமே கத்துக்கோங்க. தாமதமா வர்ற வருமானத்தைப் பணவீக்கம் தின்னுடும்.

உங்களுக்கு என்ன விடை வந்துச்சு? கமென்ட்ல சொல்லுங்க!