செங்கீரை முதல் ஐந்தாங்கல் வரை

மாணவர்களே, கைக்குழந்தையின் முன் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிப் பாருங்கள். மூன்று மாதக் குழந்தை அதனைக் கண்ணால் தொடரும்; கையோ வேறெங்கோ வீசும். ஆறாம் மாதத்தில் அதனை உள்ளங்கையால் அள்ளிப் பற்றும். பத்தாம் மாதத்தில் தரையில் கிடக்கும் பொரியைக்கூடக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்து வாயில் இடும். வீட்டார் ஓயாமல் தரையைப் பெருக்கும் காலம் அது!

உடலை ஆளும் திறன் தலையிலிருந்து காலை நோக்கியும், தோளிலிருந்து விரல் நுனியை நோக்கியும் வளர்கிறது. இவ்வரிசையைத் தமிழ்ப் புலவர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பாடுகிறது. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்தபின் தளர்நடையிட்டு வருவது வருகை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானைப் பருவம் இவற்றிற்கெல்லாம் பின்னரே வருகிறது. அம்மானை என்பது காய்களை மேலே எறிந்து பிடிக்கும் ஆட்டம்.

எறிந்து பிடிப்பது ஏன் பிந்தி வருகிறது? பந்து விழும் இடத்தைக் கண் முன்கூட்டியே கணிக்க வேண்டும். பந்துக்கு முன்னர்க் கை அங்குச் சென்றிருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை கைகளை விறைப்பாக நீட்டி நிற்கும். பந்து மார்பில் பட்டு விழும். ஒவ்வொரு முறை தவறும்போதும் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஆறு வயதளவில் பெரிய பந்து இரு கைகளுக்குள் அடங்கும். ஐந்தாங்கல்லோ இன்னும் கடினம். ஒரு கல் வானில் இருக்கும்போதே தரையிலுள்ள கற்களை வாரி, விழும் கல்லையும் அதே கையால் ஏந்த வேண்டும். வட இந்தியத் தோழியர் ‘கிட்டே’ என்று ஆடுவதும் இதுவே.

எழுதுவதும் இத்தகையதே. ஐந்து வயதுத் தம்பியின் ‘ழ’ கோட்டைத் தாண்டி ஓடினால் அது சோம்பலன்று. அவன் விரல்களின் சிறு தசைகள் இன்னும் அவன் சொற்படி கேட்கவில்லை. ஒரே வயதினருள்ளும் ஒருவர் முந்துவர், ஒருவர் பிந்துவர்.

அருஞ்சொற்பொருள்
தளர்நடை – தள்ளாடி நடக்கும் நடை
ஏந்துதல் – கையில் தாங்குதல்

பயிற்சி
1. அம்மானை, சப்பாணி: இவற்றுள் முன் நிகழ்வது எது? காரணம் எழுதுக.
2. ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர் சிறுவயதில் ஐந்தாங்கல் ஆடிய முறையைக் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.