பிளேஸ்மென்ட் என்றால் வேலையா?

கேள்வி: என் மகளுக்கு பிரிட்டனில் அரசியலும் சர்வதேச உறவுகளும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 'பிளேஸ்மென்ட்'டுடன் நான்கு ஆண்டுப் படிப்பாம். முடித்ததும் வேலை நிச்சயம்தானே?
- ஒரு தாய், கோவை

பதில்: இல்லை அம்மா. நம் ஊர்க் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் என்றால் கடைசி வருடத்தில் கம்பெனிகள் வந்து ஆள் எடுப்பது. அங்கே அது படிப்பின் நடுவில், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், வெளியே போய் வேலை பார்ப்பது. பிறகு திரும்பி வந்து நான்காம் ஆண்டை முடிக்க வேண்டும்.

பாத் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்றது. ஹல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் அரசியல் படிப்பில் ஓராண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்யலாம். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, கேள்விகளுக்குத் தகவல் திரட்டுவது என்று நாடாளுமன்றத்தின் சமையலறைக்குள்ளேயே நிற்கிற வாய்ப்பு அது. எந்தப் பாடப்புத்தகமும் தராதது.

ஆனால் பல இடங்களில் வேலையை மாணவரேதான் தேட வேண்டும். பல்கலைக்கழகம் கைகொடுக்கும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற வேண்டியிருக்கலாம். பிரிட்டன் வெளியுறவுத் துறை போன்ற இடங்களில் குடியுரிமையும் கேட்பார்கள். மாணவர் விசாவில், படிப்பின் அங்கமான பயிற்சிக்கு அனுமதி உண்டு. பட்டப்படிப்பில் அது மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

சம்பளம்? சில தன்னார்வ அமைப்புகள் பயணச் செலவோடு நிறுத்திக்கொள்ளும். பயிற்சி ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு கட்டணம் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.