பூதிகோட்டையும் குதிரைப் பாசறையும்: கூடாரம் அடிப்போருக்கு ஒரு பாடம்



விடுமுறை வந்தால் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. பெங்களூருக்கோ வேலூருக்கோ போய் வருகிறோம். நமக்கு அருகிலேயே, பங்காருப்பேட்டை வட்டத்தில் இருக்கும் பூதிகோட்டையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆங்கிலேயரைக் கலங்க வைத்த ஹைதர் அலி பிறந்த ஊர் அது.

பல ஆண்டுகளுக்கு முன் நாற்பது பிள்ளைகளையும் சில பெற்றோரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். கோட்டை மதில் பார்த்தோம், ஏரிக்கரையில் புளியோதரை சாப்பிட்டோம், பாட்டுப் பாடினோம். கிளம்பும் நேரத்தில் மாடு மேய்க்கும் ஓர் அம்மையார் வந்தார். பாதி கன்னடமும் பாதி தெலுங்குமாக அவர் கேட்டது இதுதான்: "நீங்கள் வண்டி ஏறிப் போய்விடுவீர்கள். இந்தப் பிளாஸ்டிக் பைகளில் சோற்று வாசனை இருக்கிறது. நாளைக்கு என் மாடு இதைத் தின்றால் யாரிடம் போய்ச் சொல்வேன்?" தலை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். வரலாறு படிக்கப் போன நமக்கு அவர்தான் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தைச் சற்று விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையும் குதிரையும்

பூதி என்றால் திருநீறு, சாம்பல். பூதிகோட்டை என்றால் சாம்பல் கோட்டை. ஹைதரின் தந்தை பதே முகம்மது, சீராவை ஆண்ட நவாபிடம் படைத்தலைவராக இருந்து இக்கோட்டைப் பொறுப்பை வகித்தார். ஹைதர் பிறந்த ஆண்டை 1720 என்றும் 1722 என்றும் பலவாறு எழுதுகிறார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர் படிப்பறிவு பெறவில்லை. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்றார். 1755-இல் நம் திண்டுக்கல்லின் பவுஜ்தாரானார். 1761-இல் மைசூர் அரசே அவர் கைக்கு வந்தது.

அவரது பலம் குதிரைப்படை. அதில் இரண்டு வகையினர் இருந்தனர். சொந்தக் குதிரையோடு வந்து சேர்பவர் சில்லேதார். அரசுக் குதிரையில் ஏறுபவர் பார்கீர். சொந்தக் குதிரை செத்தால் சில்லேதாருக்குப் பிழைப்பே போயிற்று. ஆகவே பாசறையில் அவருக்கு முதல் கவலை குதிரையின் தீனியும் தண்ணீரும்தான்.

1769 மார்ச்சில் ஹைதர் சுமார் 6,000 குதிரைகளுடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னையின் வாசலில் நின்றார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அடுத்த மாதமே ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வீரத்தைப் பற்றிப் பேசுபவர் பலர். நாம் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கணக்கு

நம் நாட்டு நடுத்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் ஓடினால் இன்னும் கூடும். புல்லும் தானியமுமாக 7 கிலோ உலர் தீனி வேண்டும். 6,000 குதிரைக்கு ஒரு நாளைக்கு 1,80,000 லிட்டர் தண்ணீர், 42,000 கிலோ தீனி. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நம் தெருவுக்கு வந்தால் எவ்வளவு கூட்டம் கூடுகிறது! அப்படிப் பதினைந்து லாரித் தண்ணீரை அந்தக் குதிரைகள் ஒரே நாளில் குடித்துவிடும். இதில் மனிதருக்கும் மாட்டுக்கும் வேண்டியதைச் சேர்க்கவில்லை.

ஆகவே குதிரைப்படை எங்கே தங்கும் என்பதை ஏரிதான் தீர்மானித்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத கோலார்ச் சீமையில் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டி வைத்தார்கள். அந்த ஏரிப் பாசனத்தை நம்பித்தான் பயிர் இருந்தது. பெரும்படை ஒன்று இரண்டு நாள் தங்கினால் ஏரித் தண்ணீரும் களத்து வைக்கோலும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1780-இல் ஹைதரின் படை ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியபோது ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன. பின்னர்ப் பஞ்சம் வந்தது. நம்மில் பலரின் பூர்வீகம் அந்த ஆர்க்காட்டுச் சீமைதான். வெற்றி பெற்ற பாசறையின் கதையோடு, பாசறை எழுந்து போன பிறகு அங்கே மிஞ்சியவரின் கதையையும் நாம் படிக்க வேண்டும்.

நம் இலக்கியத்தில் பாசறை

கூடாரம் அடித்துத் தங்குவது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் 103 அடி மட்டுமே கொண்ட சிறிய பாட்டு முல்லைப்பாட்டு. பாடியவர் நப்பூதனார். அதில் காட்டில் புதர்களை வெட்டி, முள்வேலி கட்டி, தெரு வகுத்துப் பாசறை அமைக்கும் முறை சொல்லப்படுகிறது. நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்வோர், விளக்கு அணையாமல் காக்கும் பெண்கள், யவனக் காவலர் எல்லாரும் வருகின்றனர்.

அங்கே அரசன் உறங்காமல் இருக்கிறான். அவன் நினைவில் நிற்பவற்றுள் ஒன்று, அம்பு தைத்த குதிரை. அது காதைச் சாய்த்துக்கொண்டு தீனி உண்ணாமல் வருந்துகிறது. இன்றைய கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். தீனியை மறுப்பதும் காது தளர்வதும் குதிரை நோயுற்றதற்கு முதல் அடையாளங்கள் என்பார். நெடுநல்வாடையில் நக்கீரரும் மழை இரவில் துளிகளை உதறும் குதிரைகளுக்கு இடையே அரசன் நடந்து சென்று புண்பட்ட வீரரைப் பார்ப்பதைக் காட்டுகிறார். பாசறைத் தலைவன் எல்லாருக்கும் பின்னால் உறங்கப் போக வேண்டியவன் என்பது இதன் பொருள்.

நாம் அன்றாடம் சொல்லும் ஊர்ப் பெயர்களிலும் பாசறை இருக்கிறது. பாளையம் என்றால் படை தங்கும் இடம். மேட்டுப்பாளையம், இராஜபாளையம் முதலிய பெயர்களில் இச்சொல்லைக் காணலாம். தண்டு என்றால் படை. 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த பெங்களூர்க் கண்டோன்மென்ட்டை நம் பெரியவர்கள் தண்டு என்றே சொல்வார்கள். அங்குள்ள தண்டு மாரியம்மனை அறியாதவர் யார்?

குதிரையோடு தங்கும் முறை

தென்னாட்டில் நல்ல குதிரை வளர்வது அரிது. அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, அதனால் ஏராளமாகச் சாகின்றன என்று எழுதினார். அனுபவம் பின்னால் வந்தது. கொள்ளை வேக வைத்து, ஆற வைத்துக் கொடுப்பது தென்னாட்டுக் குதிரைப்படைகளின் வழக்கமாயிற்று. குதிரையைத் தேய்த்துக் கழுவக் குதிரைக்காரரும், நாள்தோறும் அருகம்புல் கொண்டுவரப் புல்லறுப்பவரும் படையோடு சென்றனர். இவர்கள் பெயர்கள் எந்த வெற்றித்தூணிலும் இல்லை. ஆனால் இவர்கள் இல்லையேல் படை ஒரு மைல் நகர்ந்திராது.

இன்று நம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து எழுதுகிறார்கள், குதிரையோடு தங்கும் முகாம்கள் அங்கே உண்டு என்று. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தியோடர் ரூசவெல்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. 1883-இல் வேட்டைக்கு அங்கே வந்து பின் மாட்டுப் பண்ணை நடத்திய ரூசவெல்ட், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானார். அந்தப் பூங்காவில் கூட்டமாக வருவோருக்கும் குதிரையோடு வருவோருக்கும் என்றே சிறிய முகாம் ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. முன்பதிவு செய்துதான் தங்க முடியும். களைவிதை இல்லை என்று சான்று பெற்ற தீனியையே கொண்டுவர வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? குதிரை தின்ற விதைகளில் சில செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். ஒரு மூட்டை வைக்கோல் காட்டையே மாற்றிவிடும். 1950-களில் வெளிநாட்டுத் தானியத்தோடு வந்து பரவிய பார்த்தீனியம் இன்று நம் வயல்வரப்பெல்லாம் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய பாசறையிலிருந்தும் புதிய முகாமிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதிகள் இவை:

1. ஓடும் தண்ணீரில் மேற்பகுதி மனிதர் குடிக்க. அதற்குக் கீழே கால்நடைக்கு. அதற்கும் கீழே குளிக்க, துவைக்க. எங்கும் காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

2. கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி இருக்க வேண்டும். எச்சிலைத் தொட்டியும் அவ்வாறே.

3. குதிரையை மரத்தில் நேராகக் கட்டலாகாது. அது பட்டையை உரிக்கும், வேரை மிதித்து மண்ணை இறுக்கும். முளை அடித்து, முன்கயிறும் பின்கயிறும் போட்டுக் கட்டுவது நம் படைகளின் பழக்கம். இரு மரங்களுக்கு இடையே அகலப் பட்டை சுற்றி உயரத்தில் கயிறு இழுத்து, அதில் கட்டுவது இக்கால முறை.

4. பின்புறமாகக் குதிரையை அணுகக் கூடாது. தனக்கு நேர் பின்னால் நிற்பவரை அதனால் பார்க்க முடியாது. குரல் கொடுத்தபடி இடது தோள் பக்கம் போக வேண்டும். குழந்தைகள் படுக்கும் கூடாரம் லாயத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

5. பிள்ளைகள் ஆசையாய் நீட்டும் பலகாரத்தைக் குதிரைக்குக் கொடுக்க விடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாத தீனி வயிற்று நோயாகி உயிரையே வாங்கிவிடும்.

6. குதிரை நின்றபடி கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். கல்லும் சேறும் இல்லாத இடத்தை அதற்கு முதலில் ஒதுக்கிவிட்டு, நம் பாயைப் பிறகு விரிப்போம்.

7. நெருப்பை நீரூற்றி அணைத்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். சாணத்தை அள்ளி, விரும்பும் உழவருக்குக் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பூதிகோட்டை, காமசமுத்திரம் பகுதிகளில் யானைகள் வருவதுண்டு. பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதே குடும்பங்களுக்கு ஏற்றது. காப்புக்காட்டிலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றித் தங்குவது சட்டப்படி குற்றம். இரவு தங்க வேண்டுமானால் வனத்துறையினரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாமும் பாளையம் இறங்கியவர்களே

1780-இல் பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை முறியடித்த ஹைதர், 1782 டிசம்பர் 7-இல் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார். மகன் திப்பு மேற்குக் கரையிலிருந்து வந்து சேரும் வரை இறப்பு மறைக்கப்பட்டது. அவர் உடல் முதலில் கோலாருக்குக் கொண்டுவரப்பட்டு, தந்தையின் சமாதி இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டது. பிறகே ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றது. கோட்டையில் பிறந்தவர் கூடாரத்தில் முடிந்தார். நிலையான வீடு யாருக்கு உண்டு?

நம் பாட்டன்மாரும் இப்படித்தான் வந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சட்டி பானையோடு வந்து, மூங்கில் தட்டி வீட்டில் பாளையம் இறங்கினார்கள். சில நாள் தங்கல் என்று நினைத்தது நான்கு தலைமுறை ஆயிற்று. பேத்தமங்கலத்துத் தண்ணீரைக் குடித்தோம். இந்த மண்ணின் கன்னடரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் நம்மோடு வாழ்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் கடல் கடந்தும் கூடாரம் அடித்திருக்கிறார்கள்.

எங்கே தங்கினாலும் அந்த இடத்தின் தண்ணீர் யாருடையது, நாம் போன பின் அதை யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுப்போம். இந்த விடுமுறையில் பூதிகோட்டைக்குப் போங்கள். போகும்போது ஆளுக்கு ஒரு துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். மாடு மேய்க்கும் அம்மையார் யாரேனும் எதிர்ப்பட்டால், அவருக்குத் தெரிந்த மொழியில் இரண்டு சொல் பேசி, இடத்தைக் காட்டி விடைபெறுங்கள்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. பாளையம், தண்டு என்னும் சொற்களின் பொருள் என்ன? உங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர் இரண்டு கூறுக.

2. இருபது குதிரைகளும் அறுபது மனிதர்களும் இரண்டு நாள் தங்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மனிதருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று கொள்க.

3. முல்லைப்பாட்டு அரசன் நினைத்து வருந்திய குதிரையின் நோய்க்குறிகள் யாவை?

4. உங்கள் தாத்தாவோ பாட்டியோ எந்த ஊரிலிருந்து, எப்படி இங்கே வந்தார்கள்? கேட்டு ஒரு பக்கம் எழுதுக.

(இரண்டாம் வினாவின் விடை: குதிரைகளுக்கு 1,200 லிட்டர், மனிதர்களுக்கு 2,400 லிட்டர், ஆக 3,600 லிட்டர். நான்காம் வினாவுக்கு விடை உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் கேளுங்கள்.)