ஊமைக்கொட்டான் என்று பெயர் வைக்காதீர்கள்

சிலாங்கூரின் உலு யாம் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத் தாய்மார்கள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். இன்று பிள்ளை பாட்டி வீட்டில். அம்மா ரவாங் தொழிற்சாலை பஸ்ஸில். வாசலில் நடக்கும் அழுகை மட்டும் அதேதான்.

செய்யக்கூடாதவை

சொல்லாமல் நழுவாதீர்கள். ஏழெட்டு மாதத்தில் பிரிவுப் பயம் வருவது வளர்ச்சியின் அடையாளம். செல்லம் கொடுத்துக் கெட்டதன் அடையாளம் அல்ல. பிஸ்கட்டைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் போனால், மறுநாள் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

"இது ஊமைக்கொட்டான், அவன் அடங்காப்பிடாரி" என்று பிள்ளை காதுபட விருந்தாளியிடம் சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு இது கைவந்த கலை. அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956இல் நியூ யார்க்கில் கைக்குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கி, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். சுமார் 40 விழுக்காட்டினர் எதற்கும் எளிதில் பழகினார்கள். 10 விழுக்காட்டினர் எதற்கெடுத்தாலும் முரண்டு பிடித்தார்கள். 15 விழுக்காட்டினர் புதியதைக் கண்டால் ஒதுங்கி நின்று, மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். மீதிப் பேர் எந்த வகையிலும் முழுதாக அடங்கவில்லை. பிள்ளையின் சுபாவத்தைவிட, வீடு அந்தச் சுபாவத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே பெரிது என்பது அவர்கள் கண்ட முடிவு.

போலீஸ், பூச்சாண்டி என்று மிரட்டிச் சோறு ஊட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

"சாயங்காலம் வந்துருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். முதல் வயதின் பாடமாக உளவியலாளர் எரிக் எரிக்சன் வைத்தது நம்பிக்கையைத்தான்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையை முதலாம் ஆண்டு தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பள்ளிக்கு அழைத்துப் போங்கள். வகுப்பறை, கேண்டீன், முக்கியமாகக் கழிப்பறை. சேர்த்த முதல் நாளே மேடையேறிப் பாடச் சொல்லும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள்.

இரண்டு வயதுக்காரி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாலும் தானே போடட்டும். நேரமாகும்தான்.

நெட்டைக் கிளாஸில் ஊற்றிய மைலோதான் அதிகம் என்று ஐந்து வயதுப் பையன் சண்டை போட்டால், அது பிடிவாதம் அல்ல. உயரம் கண்ணில் படுகிறது, அகலம் படுவதில்லை. உளவியலாளர் ஜான் பியாஜே இதைச் சோதித்தே காட்டினார். ஏழு வயதுவாக்கில் தானே தெளியும். அதுவரை அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வாங்கி வையுங்கள்.