நீலிக் கண்ணீர்

வீட்டில் யாரேனும் பொய்யாக அழுதால், "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கடல் கடந்து ஃபீனிக்ஸ் பேயில் குடியேறிய பின்னும் இத்தொடர் நம் வீடுகளில் வழங்குகிறது. அதன் பின்னுள்ள கதை பேய்க்கதை. ஒருவன் தன் குடும்பத்தாரிடம் மறைத்த செய்தியிலிருந்து பிறந்த கதை.

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர் பழையனூர். கதை ஊருக்கு ஊர் சிறிது மாறும். ஒரு வழக்கின்படி, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவன் காசிக்குச் சென்றான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து, அங்கே வேறொருத்தியை மணந்தான். அவளுடன் திரும்பி வருகையில், உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் அவனைப் பற்றியது. ஆலங்காட்டில் அவளைக் கொன்றான்.

மறுபிறவியில் அவன் வணிகன் ஆனான். அவள் நீலி என்னும் பேயாக அவனைத் தொடர்ந்தாள். அவன் கையில் மந்திர வாள் ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை அவளால் நெருங்க இயலவில்லை. எனவே கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தினாள். அவன் மனைவியின் உருவத்தில் பழையனூர் வேளாளர் அவைமுன் நின்று அழுதாள். கணவன் தன்னை வெறுப்பதாகவும், அந்த வாளால் கொன்றுவிடுவான் என்றும் முறையிட்டாள். "இவள் என் மனைவியல்லள், பேய்!" என்று வணிகன் அலறினான். குழந்தையைக் கீழே விட்டனர். அது "அப்பா" என்று அவனிடமே சென்றது. அதன்பின் அவையோர்க்கு ஐயம் எழவில்லை.

"உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று 70 வேளாளரும் வணிகனுக்கு வாக்களித்தனர். வாளை வாங்கிக்கொண்டு இருவரையும் ஓர் அறையில் தங்கச் செய்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீயில் இறங்கினர்.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையைச் சுட்டுகிறார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில் பழையனூர் நீலி சமண முனிவரால் மனம் மாறி, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிஞராகிறாள். கன்னியாகுமரிப் பகுதியில் இக்கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவர். அங்கே அவள் இசக்கியம்மன். ஒரே பெண் ஓரிடத்தில் பேய், ஓரிடத்தில் அறிஞர், ஓரிடத்தில் தெய்வம்!

வேளாளரின் வாய்மையைப் புகழ்ந்தே பலரும் இக்கதையைச் சொல்வர். அது புகழத்தக்கதே. எனினும், காட்டில் கொலையுண்டவளுக்காக எந்த அவையும் கூடவில்லை. 'இவன் என்னைக் கொல்வான்' என்று நீலி அழுதது பழையனூரில் பொய். ஆலங்காட்டில் அது மெய்யாகவே நடந்தது.

சொற்பொருள்
வழக்கு – மக்களிடையே வழங்கும் முறை
கள்ளி – பால் வடியும் செடி வகை
வாய்மை – சொல் தவறாமை

பயிற்சி
1. வாளை வாங்கிக்கொள்ள அவையோர் துணிந்தது ஏன்?
2. 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
3. ஊரிலுள்ள தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் இக்கதையைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் எவை மாறுகின்றன?
4. அந்த அவையில் 71ஆம் ஆளாக நீங்கள் இருந்தால் நீலியிடம் என்ன கேட்டிருப்பீர்கள்? வணிகனிடம் என்ன கேட்டிருப்பீர்கள்?