வித்தும் பெயரும்: நெல், மாடு ஆகியவற்றின் மரபுவளக் காப்பில் உள்வாழிட, வெளிவாழிட முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

பயிர், கால்நடை ஆகியவற்றின் மரபுவளத்தை அவை உருவான நிலத்திலேயே காப்பது உள்வாழிடப் பாதுகாப்பு. அந்நிலத்திற்கு அப்பால் வங்கிகளிலும் பண்ணைகளிலும் காப்பது வெளிவாழிடப் பாதுகாப்பு. தமிழகத்து நாட்டு நெல்லையும் உம்பளச்சேரி மாட்டையும் சான்றாகக் கொண்டு இவ்விரு முறைகளின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வித்தினை வங்கி காக்க இயலும். அதனைப் பற்றிய அறிவும் சூழலுக்கேற்ப அது மாறும் இயல்பும் வயலிலேயே நிலைபெறும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மரபுவளம், மரபணு வங்கி, நாட்டு நெல், உம்பளச்சேரி, பள்ளு இலக்கியம்

முன்னுரை

நெல்லின் பெயர்களை நிரல்படக் கூறுவது பள்ளு இலக்கிய மரபு. தாமிரபரணிக் கரையின் வேளாண் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளில் சீரகச்சம்பா, மணல்வாரி, காடைக்கழுத்தன், சிறைமீட்டான் முதலிய நெல்வகைகளும், குடைக்கொம்பன், செம்மறையன் முதலிய மாட்டுவகைகளும் இடம்பெறுகின்றன. இவற்றுள் சீரகச்சம்பா இன்றும் விளைகிறது. ஏனைய பெயர்களுட் பல இன்றைய உழவர் பேச்சில் எளிதிற் கேட்கக் கூடியன அல்ல. ஒரு நெல்லின் பெயர் நூலில் நிலைத்தும் அதன் வித்து வயலினின்று மறையலாம். வித்து வங்கியில் ஓர் எண்ணாக நிலைத்தும் அதன் பெயரும் பயனும் மறக்கப்படலாம். மரபுவளக் காப்பு இவ்விரு இழப்புகளையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

உடன்படிக்கையில் இரு முறைகள்

1992இல் உருவான உயிரியற் பன்மை உடன்படிக்கை தன் 8ஆம் உறுப்பில் உள்வாழிடப் பாதுகாப்பையும், 9ஆம் உறுப்பில் வெளிவாழிடப் பாதுகாப்பையும் வகுத்துரைக்கிறது. பின்னது முன்னதற்குத் துணையாக அமைய வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. மனிதர் வளர்க்கும் பயிர், விலங்குகளுக்கு, அவை தம் தனிப்பண்புகளைப் பெற்ற சூழலே வாழிடம் என்றும் அது வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி காட்டைப் போலவே உழவர் வயலும் தொழுவமும் உள்வாழிடங்களாகும்.

வங்கியின் வலிமையும் வரம்பும்

மரபணு வங்கிகளில் ஈரம் நீக்கப்பட்ட விதைகள் ஏறத்தாழ −18 பாகை செல்சியசில் நெடுங்காலம் காக்கப்படுகின்றன. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வங்கி 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைக் கொண்டது. புகையான் பூச்சியால் பரவும் புல்குட்டை நோய் ஆசிய வயல்களைத் தாக்கியபோது, அங்குத் திரட்டப்பட்டிருந்த பல்லாயிரம் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. உத்தரப்பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரு மாதிரியில்தான் வலுவான எதிர்ப்புத்திறன் கிட்டியது. அப்பண்பு 1970களில் புதிய நெல் இரகங்களில் சேர்க்கப்பட்டது. பயனற்றதெனக் கருதத்தக்க ஒரு காட்டுப்புல் பல நாடுகளின் உணவைக் காத்த இந்நிகழ்வு, வங்கியின் தேவைக்குப் போதிய சான்றாகும்.

எனினும் உறைந்த வித்து, சேகரிக்கப்பட்ட நாளின் நிலையிலேயே நிற்கிறது. அதன்பின் தோன்றிய பூச்சியையோ மாறிய மழைப்பருவத்தையோ அது எதிர்கொள்வதில்லை. முளைப்புத்திறன் குன்றும்போது அதனை மீண்டும் விதைத்துப் புதுப்பித்தல் வேண்டும். அப்போது சில செடிகளே வளர்க்கப்படின் மரபணுப் பன்மை சுருங்கும். மா, பலா, தென்னை போன்றவற்றின் விதைகள் உலர்த்திக் குளிரூட்டும் முறைக்கு உட்படாதவை. அவற்றை வளரும் மரங்களாகவே பேணுதல் பெருவழக்கு.

வயலும் பெயரும்

நாட்டு நெல்லின் பெயர் பலவிடத்து அதன் பண்பையும் உணர்த்துகிறது. களர்ப்பாளை என்னும் பெயரில் உவர்நிலத்தின் குறிப்பு உள்ளது. யானையும் மறையுமளவு உயர்ந்து வளர்வது என்னும் விளக்கம் காட்டுயானத்திற்கு மக்கள் வழக்கில் உண்டு. எந்நிலத்தில், எப்பருவத்தில் விதைப்பது, எதற்கு உண்பது என்னும் அறிவு பயிரிடுவோரிடம் பெயரோடு இணைந்து வாழ்கிறது.

இவ்வறிவை மீட்ட முயற்சிகளுள் நெல் ஜெயராமனின் பணி குறிப்பிடத்தக்கது. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்த நெல் திருவிழாவில், 2 கிலோ விதை பெற்ற உழவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் முறையாக இருந்தது. 2018இல் அவர் மறைவதற்குள் 174 நாட்டு நெல்வகைகள் மீட்கப்பட்டன. ஒரு வகை பலர் வயலில் பரவி நிற்பதால் ஒருவரின் விளைச்சல் பொய்த்தாலும் வித்து அழிவதில்லை.

வயலுக்கும் வரம்புண்டு. வெள்ளமும் விதைக்கலப்பும் ஒரு வகையை அழிக்கக்கூடும். விலை கிட்டாதபோது உழவர் அதனைக் கைவிடுவது இயல்பே. நாட்டின் வளத்தைக் காக்கும் சுமையை எளிய உழவர்மேல் மட்டும் ஏற்றுதல் அறமாகாது.

எருதும் நெல்லும்

உம்பளச்சேரி மாடு காவிரிக் கழிமுகத்தின் சேற்றுவயலுக்கு ஏற்ற உழவு மாடு. திருவாரூர் மாவட்டம் கொருக்கையிலுள்ள அரசுக் கால்நடைப் பண்ணை இவ்வினத்தைப் பேணுகிறது. விந்தணுவை −196 பாகை செல்சியசில் திரவ நைட்ரசனில் உறையச் செய்து காக்கும் முறையும் கால்நடைகளுக்கு உண்டு. ஆயினும் ஏரை டிராக்டர் விலக்கியபின் எருதைப் பேணுவதற்கான காரணம் உழவரிடம் குறைகிறது. நெடிதுயர்ந்த நாட்டு நெல் தந்த மிகுதியான வைக்கோல், குட்டை இரகங்களின் வருகையால் குறைந்தது. நெல் மாட்டுக்குத் தீவனம் தந்தது. மாடு நெல்லுக்கு உழவும் எருவும் தந்தது. உறைகலனில் ஓர் இனத்தின் மரபணுவைக் காக்கலாம். இவ்வுறவைக் காத்தல் அரிது.

முடிவுரை

வங்கியும் வயலும் ஒன்றற்கொன்று மாற்றாகா. வங்கியில் சேரும் ஒவ்வொரு மாதிரியுடனும் அதன் வட்டாரப் பெயர், நிலம், பருவம், பயன் ஆகியன உழவர் சொல்லிலேயே பதிவாதல் வேண்டும். வயலில் அழிந்த வகை வங்கியிலிருந்து அதே வட்டாரத்திற்குத் திரும்புதல் வேண்டும். மரபுவளம் காக்கும் உழவருக்கு ஏற்பும் வெகுமதியும் வழங்க 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது; அது நடைமுறையில் உழவரைச் சென்றடைதல் இன்றியமையாதது.

தமிழாய்வுக்கும் இதிற் பங்குண்டு. பள்ளு நூல்கள் கூறும் பெயர்களை வங்கிப் பதிவுகளோடும் உழவர் வழக்கோடும் ஒப்பிடும் பணி விரிவாக மேற்கொள்ளத்தக்கது. ஒரே பெயர் வெவ்வேறு வித்துகளுக்கும், ஒரே வித்து வெவ்வேறு பெயர்களுக்கும் உரியதாதல் கூடும். ஆதலின் இலக்கியப் பெயர் மட்டும் சான்றாகாது. எனினும் எதனைத் தேடவேண்டும் என்பதை அது காட்டும். அப்பெயர்களை அறிந்த முதியோர் உள்ளபோதே அத்தேடல் தொடங்கப்பெறுதல் நன்று.